இந்தப் பொங்கலுக்கு முயலை விட்டுவிடுங்கள்

மாட்டுப் பொங்கலுக்கு முயல் வேட்டை கிளம்பும் எங்கள் ஊர்த் தம்பிகளுக்கும், கொழுந்தன்மார்களுக்கும், நாள் பார்த்து அனுப்பிவைக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நான் உங்களுக்கு அயலாள் இல்லை. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து 31 வருடம் ஆகிறது. உங்களில் பாதிப் பேரை இடுப்பில் வைத்துக்கொண்டு களையெடுக்கப் போயிருக்கிறேன். நீங்கள் கொண்டுவந்து திண்ணையில் போட்ட முயல்களை ஆய்ந்து சமைத்த கை இது. காட்டைப் பார்க்காதவள் பேசுகிறாள், கறி தின்னாதவள் பேசுகிறாள் என்று சொல்லி இந்த மடலை யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஊர் கூடும் மந்தையில் நடக்கும் கூட்டத்திலேயே எழுந்து பேசலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அங்கே ஒரு பெண்ணின் பேச்சு எவ்வளவு தூரம் எடுபடும் என்பது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் எழுதுகிறேன். கரூர், திண்டுக்கல், மதுரை, சிவகங்கை என்று பொங்கலை ஒட்டி முயலைத் தேடிக் கிளம்பும் ஊர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த ஊர்க்காரர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். இந்தத் தையிலிருந்து முயல் வேட்டையை நிறுத்துங்கள். தோட்டத்திலும் மேட்டாங்காட்டிலும் இருக்கிற முயல் அங்கேயே இருக்கட்டும். விருந்தை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு வழியோடுதான் வந்திருக்கிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முயல் கறியின் ருசியை நான் மறுக்க மாட்டேன். ஆட்டுக்கறி போல அதில் கொழுப்பு கிடையாது. கருஞ்சிவப்பாக, நார் நாராக இருக்கும். பக்குவம் தப்பினால் விறகைக் கடிப்பது போலாகிவிடும். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமியார். தீயில் வாட்டி, முடியைப் பொசுக்கி, மஞ்சள் பூசி மறுபடியும் வாட்ட வேண்டும். சின்ன வெங்காயத்தை உரலில் போட்டு ஒன்றிரண்டாக இடிக்க வேண்டும். மிளகையும் கொத்தமல்லி விதையையும் வறுத்து அரைக்க வேண்டும். மண்சட்டியில் வைத்து, தீயைத் தணித்து, ஒன்றரை மணி நேரம் பொறுத்திருக்க வேண்டும். அந்த வாசனை வந்துவிட்டால் தெருவிலுள்ள பிள்ளைகள் எல்லாம் எங்கள் வீட்டு வாசலில் தட்டோடு நிற்பார்கள். இன்று இதைப் படிக்கிற உங்களில் சிலரும் அப்படி நின்றவர்கள்தான். கம்பஞ்சோற்றில் அந்தச் சாற்றை ஊற்றிப் பிசைந்து ஊட்டியிருக்கிறேன்.

அந்த ருசியை நான் விட்டது ஒரே நாளில். 12 வருடத்துக்கு முன்னால், மாட்டுப் பொங்கலுக்கு முந்தைய இரவு, விடியற்காலை மூன்று மணி இருக்கும். ஏழு முயல்களைக் கொண்டுவந்து திண்ணையில் வரிசையாகப் போட்டுவிட்டு எல்லோரும் படுக்கப் போய்விட்டார்கள். நானும் மாமியாரும் அடுப்பு மூட்டி உட்கார்ந்தோம். நான்காவது முயலைத் தூக்கும்போதே கனத்தது. நல்ல கொழுத்த முயல் என்று நினைத்து வயிற்றைக் கீறினேன். உள்ளே மூன்று குட்டிகள். ரத்தப்பிண்டமாக இருந்திருந்தால் மனது கொஞ்சம் ஆறியிருக்குமோ என்னவோ. மேலெல்லாம் நனைந்த முடி. மீசை முளைத்திருந்தது. காதுகள் முதுகோடு ஒட்டிப் படிந்திருந்தன. பின்னங்கால் பாதத்தின் அடியில்கூட மெத்தென்று முடி வந்திருந்தது. இன்னும் இரண்டு மூன்று நாள் போயிருந்தால் ஏதாவது ஒரு கொழுக்கட்டைப் புல் புதருக்குள் கண் திறந்து உட்கார்ந்திருக்கும்.

காட்டு முயலின் குட்டி அப்படித்தான் பிறக்கும். வீட்டில் வளர்க்கிற வெள்ளை முயலின் குட்டி தோலும் சதையுமாக, கண் மூடிப் பிறந்து, வளைக்குள் கிடந்து வளரும். நம் கருங்கழுத்து முயலுக்கு வளை கிடையாது. பிடரியில் அந்தக் கறுப்புத் திட்டோடு திறந்த வெளியில் படுக்கும், திறந்த வெளியில் ஈனும். அதனால்தான் ஒன்றரை மாதம் வயிற்றிலேயே வைத்திருந்து, முடியும் கண்ணும் கொடுத்து வெளியே அனுப்புகிறது. அது தன் குட்டிக்குச் செய்யக்கூடிய ஏற்பாடு அவ்வளவுதான்.

மாமியார் அந்த மூன்றையும் ஒரு துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். "வாழை மூட்டில் ஆழமாகப் புதைத்துவிட்டு வா. ஆண்களிடம் சொல்லாதே, பொங்கலும் அதுவுமாக மனசு கெடும்" என்றார். 12 வருடமாக நான் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். உங்கள் மனது கொஞ்சம் கெட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அன்று காலை வாழையடியில் நின்றபோது மாமியார் இன்னொன்றும் சொன்னார். அவருடைய மாமனார் காலத்தில் வேட்டை பகலில் நடக்குமாம். ஊர்க்காரர்கள் கூடி, தப்படித்துக்கொண்டு, புதரைத் தட்டிக்கொண்டு நடப்பார்கள். எதிர்ப்பக்கத்தில் நூல் வலை கட்டியிருக்கும். ஓடிவந்து விழுகிற முயல் உயிரோடு கையில் கிடைக்கும். வயிற்றைத் தடவிப் பார்த்துச் சினை என்றால், குட்டி என்றால், அங்கேயே விட்டுவிடுவார்கள். மூன்று முயல் கிடைத்தால் மூன்று, கிடைக்காவிட்டால் கருவாட்டுக் குழம்பு.

இன்று நீங்கள் செய்வதை அந்தப் பழக்கத்தின் பெயரால் அழைப்பது சரியா என்று நீங்களே யோசியுங்கள். இரவில் போகிறீர்கள். அமாவாசையை ஒட்டிய இருட்டாக இருந்தால் இன்னும் வசதி. நெற்றியில் கட்டிய விளக்கின் வெளிச்சம் கண்ணில் விழுந்ததும் முயல் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றுவிடுகிறது. நிற்கிற உயிரைத் தடியால் அடிப்பதில் என்ன வீரம் இருக்கிறது, தம்பி? சினையா, மலடா, குட்டியா என்று அந்த வெளிச்சத்தில் யார் பார்க்கிறீர்கள்? முன்பு ஒரு நாள் நடந்தது, இப்போது மார்கழிக் கடைசி வாரம் முழுக்க நடக்கிறது. மோட்டார் சைக்கிளில் பத்துக் கிலோமீட்டர் போகிறீர்கள், அடுத்த ஊர்க் காட்டையும் விடுவதில்லை. மழை முடிந்து புல் செழித்திருக்கிற காலம் இது. நம் பக்கத்து முயல் வருடம் முழுவதும் ஈனும் என்றாலும், மழைக் காலத்தில்தான் அதிகம் ஈனும். மார்கழியில் நீங்கள் அடிக்கிற முயல்களில் எத்தனை தாய் முயல்கள் என்பது அடுப்படியில் உட்கார்ந்திருக்கிற பெண்களுக்குத்தான் தெரியும்.

"முயல் வெள்ளாமையை அழிக்கிறது, அதனால் அடிக்கிறோம்" என்று சொல்வீர்கள். எனக்கும் நான்கு ஏக்கர் இருக்கிறது. இரண்டு ஏக்கர் கிணற்றுப் பாசனம், இரண்டு ஏக்கர் மானாவாரி. முயல் தின்னவே தின்னாது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். முளைத்து மூன்று இலை விட்ட தட்டைப்பயறும், இளங்கடலைச் செடியும் அதற்கு மிகவும் பிடிக்கும். காலையில் போய்ப் பார்த்தால் யார் மேய்ந்தது என்று செடியே சொல்லிவிடும். ஆடு கடித்தால் தண்டு பிய்ந்து நார் தொங்கும். முயல் கடித்த இடம் கருக்கரிவாளால் சாய்த்து அறுத்தது போலச் சுத்தமாக இருக்கும். பக்கத்தில் சுண்டைக்காய் அளவில் உருண்டை உருண்டையாகப் புழுக்கை கிடக்கும். போன ஆவணியில் எனக்கு இரண்டு சால் தட்டைப்பயறு போனது. மறுபடியும் விதை ஊன்றினேன். இரண்டு அடி உயரக் கோழிவலையை வாங்கிப் பாத்தியைச் சுற்றி நட்டு, அடி ஓரத்தை வெளிப்பக்கமாக மடக்கிக் கல் வைத்தேன். நம் முயல் வளை தோண்டாது, வலைக்கு அடியில் பறித்துக்கொண்டும் வராது. நாற்பது நாளில் தண்டு முற்றிவிட்டது. அதன் பிறகு வலையைச் சுருட்டி அடுத்த பாத்திக்குக் கொண்டுபோய்விட்டேன். முற்றிய செடியை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் சாப்பாடு பெரும்பாலும் புல்தான்.

நம் வெள்ளாமையை அழிப்பது யார் என்பது உங்களுக்கும் தெரியும். பன்றி இறங்கினால் ஒரே இரவில் கடலைக்காடு உழுது போட்டது போலாகிவிடும். மயில் ஊன்றிய விதையைப் பொறுக்கும், தக்காளியைக் கொத்தும். என் மானாவாரியைச் சுற்றி இன்று பழைய சேலைகள் கட்டியிருப்பது முயலுக்காக அல்ல. பன்றியின் மேலும் மயிலின் மேலும் உள்ள கோபத்தை, கையில் எளிதாக அகப்படுகிற முயலின் மேல் தீர்த்துக்கொள்கிறோம். அதை எப்படி நியாயம் என்று சொல்வது?

பன்றி விஷயத்தில் அரசும் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் வந்த ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் வரும் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டரையும் தாண்டி வந்தால் வனத்துறையினரே சுடலாம். நம் காடு மலையை ஒட்டியே இருப்பதால் நமக்கு அதில் பெரிய ஆறுதல் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகப் போராடுவோம், மனுக் கொடுக்க நானும் வருகிறேன். கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களே அனுமதி கொடுத்துப் பன்றியைச் சுடச் செய்யலாம் என்று கொண்டுவந்திருக்கிறார்கள். அங்கேயும் சுட்ட பன்றியைப் புதைத்துவிட வேண்டும், ஒரு துண்டுக் கறியை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. பயிரைக் காப்பதற்கு அனுமதி கிடைக்கலாம், கறிக்காக வேட்டையாட அனுமதி கிடையாது என்பதைத்தான் இது காட்டுகிறது.

சட்டத்தைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. ஆனால் உங்களில் பலருக்கு அது சரியாகத் தெரியவில்லை. "முயல்தானே, மானா புலியா" என்று என் கொழுந்தன் மகனே கேட்டான். 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் காட்டு முயல் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 2022 இல் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய பட்டியலில் அது இரண்டாவது அட்டவணையில் இருக்கிறது. பிடிபட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்துக் கொல்வது மட்டும்தான் வேட்டை என்று நினைக்காதீர்கள். கண்ணி வைப்பது, வலை கட்டுவது, விரட்டுவது, பிடிக்க முயல்வது எல்லாமே சட்டத்தின் கண்ணில் வேட்டைதான். சமைத்த சட்டியோடு வீட்டில் இருக்கிற பெண்ணும் அதில் மாட்டுவாள். இதை நான் என் மருமகளை நினைத்துக்கொண்டு சொல்கிறேன்.

"கொல்லாமல் பிடித்துவந்து, கோயிலைச் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் காட்டிலேயே விட்டுவிடலாமே" என்று பெரியப்பா ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்துக் கிராமங்களில் பொங்கலுக்கு வங்காநரியைப் பிடித்துவந்து ஊருக்குள் ஓடவிட்டு, பிறகு காட்டில் கொண்டுபோய் விடும் வழக்கம் உண்டு. நரி முகத்தில் விழித்தால் ஊருக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. கொல்லவில்லை, விட்டுவிட்டோம் என்று சொல்லியும் அபராதம் கட்டித்தான் தீர வேண்டியிருந்தது. போகட்டும், சட்டத்தை விடுங்கள். கூட்டமும் கொட்டுச் சத்தமும் நாய்க் குரைப்பும் சூழ ஒரு முயலைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? அதன் நெஞ்சு துடிப்பது உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். காலை உதறுகிற வேகத்தில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். பயத்திலேயே செத்துப்போகும். அதைத் திரும்ப விட்டுவிட்டோம் என்று சொல்வது நம்முடைய திருப்திக்காகத்தான்.

கண்ணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வேட்டைக்குப் போக நேரமில்லாதவர்கள் மோட்டார் சைக்கிளின் கிளச் கம்பியைச் சுருக்குப் போட்டு வேலியடியில் வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப் போவதில்லை. போன வருடம் மாசியில் என் சினையாடு ஒன்று பொழுது சாய்ந்தும் வரவில்லை. தேடிப் போனால் கிளுவை வேலி ஓரத்தில் படுத்துக் கிடக்கிறது. முன்னங்காலில் கம்பி. இழுக்க இழுக்க இறுகி, தோலை அறுத்து, எலும்பு தெரிந்தது. கத்தக்கூடத் தெம்பில்லாமல் என்னைப் பார்த்தது. சுருக்கை அறுக்கக் குறடு எடுத்துவர வீட்டுக்கு ஓடிப்போய்த் திரும்புவதற்குள் இருட்டிவிட்டது. ஆடு பிழைத்தது, மூன்று காலில் நடக்கிறது. குட்டி தங்கவில்லை. கம்பிக்கு முயல் கால், ஆட்டுக் கால் என்ற பேதம் தெரியாது. நாளைக்கு அந்த வேலியோரம் பூப்பறிக்கப் போகிற ஒரு பிள்ளையின் கால் அதில் போகாது என்று யார் உறுதி சொல்வீர்கள்? முயலுக்காக இல்லாவிட்டாலும் இதற்காகவாவது, வைத்த கண்ணிகளை எல்லாம் இந்த வாரமே எடுத்துவிடுங்கள். பன்றிக்கு என்று திருட்டு மின்சாரம் கொடுத்துக் கம்பி கட்டுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் அப்படிக் கட்டிய வேலியில் மூன்று பெண் யானைகள் செத்து விழுந்தன. இரண்டு குட்டிகள் போக்கிடம் தெரியாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தன.

நாய் வளர்க்கிற தம்பிகளிடம் ஒரு வார்த்தை. கன்னி, சிப்பிப்பாறை இரண்டுமே முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே நம் முன்னோர் வளர்த்தெடுத்த சாதிகள். முயல் பிடிக்கிற நாயை மூஞ்சியைப் பார்த்தால் தெரியும் என்று பழமொழியே இருக்கிறது. அந்த நாய்களின் மேல் நீங்கள் வைத்திருக்கிற பாசத்தை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பழையது தின்றுகொண்டு அதற்கு முட்டை வாங்கிப் போடுகிறீர்கள். வேட்டை இல்லாவிட்டால் அந்த இனமே அழிந்துவிடும் என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். ஓட்டப் பந்தயம் நடத்துங்கள், ஊர் மைதானம் இருக்கிறது. தோட்டக் காவலுக்குக் கட்டுங்கள், ராத்திரி பன்றி வந்தால் குரைத்து எழுப்பட்டும். ஓடுவதற்குத்தான் அந்தக் கால்கள். ஓட்டம் எங்கே என்று தீர்மானிப்பது நாம்.

வேறு சிலரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் என் பேச்சு நேர்மையாக இருக்காது. காட்டையே நம்பி, எலியும் முயலும் பிடித்துத் தின்று உயிர் வளர்த்த மக்கள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். பசிக்காகக் கண்ணி வைத்தவர்களையும், பண்டிகைக் கொண்டாட்டத்துக்காக விளக்குக் கட்டிக்கொண்டு போகிற நம்மையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டில் ரேஷன் அரிசி இருக்கிறது, குளிர்சாதனப் பெட்டியில் கோழி இருக்கிறது. நமக்கு முயல் பசி தீர்க்கும் பண்டமாக இருந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது.

முயல் ரத்தத்தில் எண்ணெய் காய்ச்சினால் முடி வளரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதற்காகவும் நான்கு பேர் கேட்டு வருகிறார்கள், நல்ல விலை கொடுக்கிறார்கள். அதில் முடி வளரும் என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. என் தலையைப் பாருங்கள், ஏழு முயல் ஆய்ந்த கைதான் இந்தத் தலையில் எண்ணெய் வைத்தது.

நமக்கு மேற்கே தெரிகிற கடவூர் மலையைப் பற்றி 2022 அக்டோபருக்கு முன்னால் வெளியூரில் யாருக்குத் தெரியும்? அந்த மாதத்தில்தான் 11,806 ஹெக்டேர் காட்டைத் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். இந்தியாவில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. ஒரு கையளவு பிராணி, பெரிய கண்ணை உருட்டிக்கொண்டு ராத்திரியில் மரத்தில் உட்கார்ந்திருக்கிறதே, அதனால் நம் மலைக்கு ஒரு பெயர் வந்தது. கரூர், திண்டுக்கல் இரண்டு மாவட்டத்துக்கும் வந்தது. இந்த மலையடிவாரத்துக் காட்டில்தான் நீங்கள் ராத்திரியில் விளக்கடித்துக்கொண்டு, நாயை அவிழ்த்துவிட்டுக்கொண்டு சுற்றுகிறீர்கள். முயலை நம்பித்தான் காட்டுப்பூனையும் குள்ளநரியும் கொம்பன் ஆந்தையும் இருக்கின்றன. என் மாமனார் காலத்தில் ராத்திரியானால் நரி ஊளையிடுவது கேட்குமாம். இப்போது மயில் அகவுவதுதான் கேட்கிறது. நரி இருந்தவரைக்கும் மயில் இந்த அளவுக்குப் பெருகவில்லை என்று பெரியவர்கள் நீங்களேதான் சொல்கிறீர்கள். நரியின் சாப்பாட்டை நாம் எடுத்துக்கொண்டால் நரி எப்படித் திரும்ப வரும்?

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. பக்கத்து ஊர் கொள்ளுக்குடிப்பட்டி. கண்மாய்க் கருவேல மரங்களில் கூடு கட்டுகிற பறவைகள் பயந்து பறந்துவிடக்கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. யாரும் அவர்களைத் தடியெடுத்து மிரட்டவில்லை. அவர்களாகக் கூடி முடிவெடுத்தார்கள். புதுத்துணி உடுத்தி நிற்கிற சின்னப் பிள்ளைக்கு மத்தாப்பு இல்லாத தீபாவளி எவ்வளவு பெரிய இழப்பு! அதையே ஒரு ஊர் பொறுத்துக்கொண்டது. நம் ஊரில் பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காமல் ஒருமுறை யோசித்துப் பாருங்கள், மாமா.

முயல் கறியே வேண்டும் என்று நாக்கு கேட்கிறவர்களுக்கு வழி இருக்கிறது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு, முயல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை அங்கே வளர்க்கிறார்கள், வளர்க்கக் கற்றும் கொடுக்கிறார்கள். அது வேறு சாதி முயல், நம் காட்டு முயலோடு இனம் சேராது. அதை வளர்ப்பதும் தின்பதும் குற்றமில்லை. முப்பது நாளில் ஈனும். வேலிமசாலும் முருங்கைத் தழையும் போட்டால் போதும், இரண்டுக்கும் நம் ஊரில் பஞ்சமில்லை. கறி கோழி மாதிரி வெளுப்பாக இருக்கும், அந்தக் காட்டு ருசி இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு வேலைக்கு அலைகிற தம்பிகள் இருவர் மூவர் சேர்ந்து கூண்டு போட்டால் மாட்டுச் சாணத்துக்கு ஓடுகிறது போல முயல் புழுக்கைக்கும் தோட்டக்காரர்கள் ஓடிவருவார்கள். நான் முதல் ஆளாக வருவேன்.

இப்போது விருந்துக்கு வருகிறேன். இந்த வேட்டையில் நம் ஆட்களுக்கு உயிராக இருப்பது எது என்று இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். சாமிக்குக் காட்டிவிட்டு, மந்தையில் தென்னங்கீற்றை விரித்து, கறியைக் கூறு போடுவீர்கள் இல்லையா? தலைக்கட்டுக்கு ஒரு பங்கு. வேட்டைக்கு வந்தவனுக்கும் ஒரு பங்கு, கட்டிலில் கிடக்கிற கிழவனுக்கும் ஒரு பங்கு, புருஷன் இல்லாத வீட்டுக்கும் ஒரு பங்கு. என் வீட்டுக்காரர் தவறிய வருடம், இந்த வீட்டில் வேட்டைக்குப் போக ஆண் இல்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, இலையில் மடித்த அந்தப் பங்கு கதவைத் தட்டி வந்தது. நான் அழுதுவிட்டேன். அதை நான் சமைக்கவில்லை, அப்போதே முயல் தின்பதை விட்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். ஆனாலும் அந்தப் பங்கு எனக்கு வந்தது என்பதை இன்றுவரை மறக்கவில்லை. அது நின்றுபோகக் கூடாது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் ஊர் 84 தலைக்கட்டு. ஒரு முயலை ஆய்ந்து எடுத்தால் எலும்போடு ஒன்றேகால் கிலோ தேறும். ஏழு முயலுக்கு ஒன்பது கிலோவுக்கும் குறைவு. 84 கூறு போட்டால் தலைக்கட்டுக்கு நூறு கிராம். மூன்று கிடாய் அறுத்தால், ஒன்றுக்குப் பன்னிரண்டு கிலோ கறி என்று வைத்தாலும், தலைக்கட்டுக்கு நானூறு கிராமுக்கு மேல் வரும். தலைக்கட்டு வரி 300 ரூபாய் போட்டால் 25,200 ரூபாய் சேரும், அதில் இரண்டு கிடாய் வாங்கலாம். மூன்றாவது கிடாய்க்கு யாரும் பணம் தர வேண்டாம். எங்கள் கொட்டகையில் நிற்கிற கறுப்புக் கிடாயை நான் தருகிறேன். நெற்றியில் வெள்ளைப் பொட்டு உள்ளது, நீங்கள் பார்த்திருப்பீர்கள். வரி கொடுக்க முடியாத வீடு எது எது என்று எனக்குத் தெரியும். அவர்களிடம் யாரும் கேட்க வேண்டாம், அது என் பொறுப்பு. மந்தையில் அதே கீற்றில், அதே பெரியவர் கையால் கூறு விழட்டும். முதல் கூறு சாமிக்கு. மசாலாவை நாங்கள் பெண்கள் சேர்ந்து அரைத்துவிடுகிறோம்.

பெரியவர்கள் சம்மதித்தால் மந்தைக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைக்க வேண்டும்: இந்த ஊர் எல்லையில் முயல் வேட்டை இல்லை. பெயிண்டும் பிரஷும் என் மகன் வாங்கித் தருவான்.

தை பிறப்பதற்கு முந்தைய வியாழக்கிழமை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்குப் போக வேண்டும். விடிந்து போனால் நல்ல கிடாய் எல்லாம் கைமாறிவிடும், அதனால் மூன்று மணிக்கெல்லாம் கிளம்பிவிட வேண்டும். முயலோடு திரும்பிவருகிற அதே நேரம்தான், உங்களுக்குப் பழக்கம் இருக்கும். விலை பேச நான் வருகிறேன். வண்டி எடுக்க யார் வருகிறீர்கள் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தோட்டத்து மதினி
கடவூர் மலையடிவாரம்